வரிசை எண் இருபத்தேழு

சந்திரமதி இறந்து ஆறு வாரமாகியும் அவள் பெயர் தினமும் மாலை ஏழு மணிக்குக் கூப்பிடப்பட்டு வந்தது.

இதில் யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. தேக்காவில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இரண்டு மாடிகளில் நடந்துவந்த அறிவுச்சுடர் மாலைக் கல்விக் கழகத்தின் விதிகள் தெளிவானவை. வருகைப் பதிவேட்டில் ஏறிய பெயரை எடுக்க விலகல் படிவம் வேண்டும். படிவத்தில் நான்கு காரணங்கள் அச்சாகியிருந்தன: வேலை, திருமணம், தேசிய சேவை, வெளிநாட்டுப் பயணம். பொருந்துவதற்கு எதிரே ஒரு கோடு போட்டு, மாணவர் கீழே கையெழுத்திட வேண்டும். சந்திரமதி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவில்லை. ஆகவே அவள் இன்னும் மாணவிதான்.

கணக்கு ஆசிரியர் அருளானந்தம் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் பெயர் கூப்பிடுகிறவர். "இருபத்தேழு, சந்திரமதி" என்பார். இரண்டு மூச்சு விடும் நேரம் காத்திருப்பார். பிறகு சிவப்புப் பேனாவால் ஒரு சுழி. அந்த இரண்டு மூச்சு நேரத்தில் வகுப்பில் யாரும் நாற்காலியை அசைக்க மாட்டார்கள். கீழே கடையில் கஜக்கோலால் துணி அளக்கும் சத்தம் மேலே வரும்.

தனசேகரன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்பான். இருபத்துநான்கு வயது, பகலில் செம்பவாங் கப்பல் பட்டறையில் பண்டகசாலை எழுத்தர். பார்த்ததை நோட்டில் எழுதிவைப்பதும், எழுதியதைச் சந்தேகப்பட்டு இன்னொரு முறை போய்ப் பார்ப்பதும் அவன் சுபாவம். கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருக்கும். தமிழ்த் தட்டச்சும் தெரியும். இந்த இரண்டு குற்றங்களுக்காகவும் அவனைத் துணைக்குழுவின் செயலாளராக்கியிருந்தார்கள்.

துணைக்குழு, சந்திரமதி இறந்த செவ்வாய்க்கிழமையிலிருந்து பத்தாம் நாள் அமைந்தது. கழகத் தலைவர் மருதப்பனே அதற்கும் தலைவர். துறைமுகத்தில் முப்பது வருஷம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பட்டியலில் இல்லாத சரக்கு உலகத்திலேயே இல்லை என்று நம்புகிறவர். முதல் கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. அவள் தானே தேடிக்கொண்ட முடிவுக்கு உரிய சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது என்பது முதல் தீர்மானம். சொன்னால் பிள்ளைகளுக்கு அந்த எண்ணம் தொற்றிக்கொள்ளுமாம். அதற்குப் பதிலாகத் 'தவிர்க்கத்தக்க விலகல்' என்று வழங்கலாம் என ஏகமனதாக முடிவாயிற்று. அது கழகத்துக்கு வெளியே உள்ள காரணங்களால் ஏற்பட்டது என்பது இரண்டாவது. சந்திரமதியோடு பழகியவர்களிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்பது மூன்றாவது. கேட்பதும் சொல்வதற்குச் சமம்தான் என்று மருதப்பன் விளக்கினார்.

தனசேகரன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். மூன்றாவது தீர்மானத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டான். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதை அழித்தும்விட்டான். பெரியவர்களுக்குத் தெரியாததா தனக்குத் தெரிந்துவிடப்போகிறது.

நடவடிக்கைகள் மளமளவென்று தொடங்கின. முதலில் மகிழ்ச்சி உறுதிப் படிவம், மூன்று நகல்களில். 'நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்: ஆம், இல்லை.' இல்லை என்பவர்கள் காரணத்தை நூறு சொற்களுக்குள் எழுதி, தக்க ஆதாரத்தின் நகலில் சமாதான நீதிபதி ஒருவரின் கையொப்பம் வாங்கி இணைக்க வேண்டும். அந்த வாரத்துக்குள் கழகத்தில் நூறு விழுக்காடு மகிழ்ச்சி ஏற்பட்டது. வகுப்புக்கு வராதவர்கள் சார்பில் அலுவலகமே 'ஆம்' போட்டதால் இருபத்தேழாம் எண்ணும் மகிழ்ச்சியாக இருந்தது.

பிறகு மனம்திறக்கும் பெட்டி. மருதப்பனின் அறை வாசலில், அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் அதை மாட்டினார்கள். யார் வேண்டுமானாலும் தங்கள் கவலையைப் பெயர் போடாமல் எழுதிப் போடலாம். அடையாள அட்டை எண் மட்டும் குறிப்பிட்டால் போதும். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது ஒரு பஸ் டிக்கெட்டும், இரண்டாம் மாடிக் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்ற புகாரும் இருந்தன. நம் இளையர்களுக்குக் கழிப்பறை தவிர வேறு கவலை இல்லை என்று குறிப்பேட்டில் பதிவாயிற்று. தனசேகரன்தான் பதிந்தான்.

மூன்றாவது, மருதப்பனின் சொந்தக் கண்டுபிடிப்பு. வகுப்புக்கு வருகிறவன் உயிரோடு இருக்கிறவன். வராதவன் ஆபத்தில் இருக்கிறவன். ஆகவே வருகை எழுபத்தைந்து விழுக்காட்டுக்குக் கீழே போனால் உடனே ஓர் அக்கறைக் கடிதம். 'உங்கள் நலனில் நாங்கள் மிகுந்த அக்கறை கொண்டுள்ளோம். ஏழு நாள்களுக்குள் நேரில் வந்து காரணம் கூறவும். தவறினால் நூலக அட்டை ரத்துசெய்யப்படும்.' பதிவேட்டிலிருந்து எண்களை எடுத்து, எண்ணுக்குரிய முகவரியைத் தேடி, உறை தட்டச்சு செய்வது செயலாளர் வேலை. பதினொரு உறைகளை ஒரே மாலையில் அடித்து முடித்தான் தனசேகரன். அடுத்த வாரம் நினைவூட்டல் ஒன்பது. எண்களைத்தான் பார்த்தான். எண்களில் அவன் தப்பு விடுவதில்லை.

கேலாங்கிலிருந்து சிவகாமசுந்தரி வந்தபோதுதான் தான் எதை அடித்தோம் என்பது அவனுக்குத் தெரிந்தது.

சந்திரமதியின் தாயார். நாற்பத்தைந்து வயதிருக்கும், பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் வேலை. முகப்பில் இருந்த எழுத்தர் அப்துல் கையூமிடம் இரண்டு கடிதங்களையும் விரித்து வைத்தார். சத்தம் போடவில்லை. இது இனிமேல் வராமல் இருக்க என்ன செய்யணும் என்று மட்டும் கேட்டார். கையூம் நல்ல மனுஷன். கேட்டதும் விலகல் படிவத்தை எடுத்து நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"பதினெட்டு முடிஞ்சிருச்சுன்னா அவங்களேதான் சைன் பண்ணணும்மா. அதான் ரூல்."

"அவ இல்லையேய்யா."

"தெரியும்மா. நானும் அன்னிக்கு எடுக்கறப்ப வந்திருந்தேன்ல." கையூம் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெளிநாட்டுப் பயணம்னு போட்டு நானே அனுப்பிரலாம். ஆனா எப்பத் திரும்புவாங்கன்னு ஒரு கட்டம் இருக்கு லா. அதை நிரப்பாம விட்டா மேல ஏத்துக்க மாட்டாங்க."

சிவகாமசுந்தரி அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கடிதங்களை வந்த மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார். "சரிய்யா, வர்றேன்" என்று சொல்லிப் படியிறங்கினார். தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தனசேகரன் எழுந்திருக்க நினைத்தான், எழவில்லை. படியில் ஏறிவந்துகொண்டிருந்த உர்சுலா சுவரோடு ஒட்டி நின்று அந்த அம்மாவுக்கு வழிவிட்டதை மட்டும் பார்த்தான்.

உர்சுலா பதினெட்டு வயதுப் பெண். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வருகிறவள். பகலில் அவளும் சந்திரமதியும் ஒரே வானொலிப் பெட்டித் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. மாலையில் கடைசி வரிசையில் பக்கத்துப் பக்கத்து மேசை. ஒருத்தி கொண்டுவரும் கறி பஃப்பை இன்னொருத்தி தின்பதும், அதற்குச் சண்டை போடுவதுமாக இருப்பார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அருளானந்தம் வழக்கம்போல், "இருபத்தேழு, சந்திரமதி" என்றார்.

"உள்ளேன் ஐயா."

கடைசி வரிசையிலிருந்து வந்தது. முப்பத்தெட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அருளானந்தம் தலையைத் தூக்கவில்லை; நீலப் பேனாவை எடுத்து ஒரு சரி போட்டார். இருபத்தெட்டுக்குப் போனார். தனசேகரன் திரும்பிப் பார்த்தான். உர்சுலா புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளும் அதே குரல். அதற்கு மறுநாளும். இரண்டு வாரத்தில் வகுப்புக்கு அது பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதுதான் தனசேகரனைத் தூங்கவிடவில்லை. சந்திரமதி வந்துபோகிறாள் என்பதுபோலவே எல்லாரும் நடந்துகொண்டார்கள். அவள் மேசையில் யாரும் பை வைப்பதில்லை. அக்கறைக் கடிதம் கேலாங்குக்குப் போவது நின்றது. அதற்காகத்தான் உர்சுலா இதைச் செய்கிறாள் என்று அவன் புரிந்துகொண்டான். கொஞ்சம் நிம்மதியும் பட்டான். தன் விரல்கள் செய்த தப்பை வேறொருத்தி திருத்துகிறாள்.

மூன்றாவது வாரம் அவன் நோட்டில் ஒரு வரி ஏறியது: 'எண் பன்னிரண்டு பதில் சொல்லவில்லை.' பன்னிரண்டு உர்சுலா. அவள் இருந்தாள், பெயரும் கூப்பிடப்பட்டது. இரண்டு மூச்சு நேரம் கழிந்தது. சிவப்புச் சுழி விழுந்தது. பதினைந்து பெயர் தள்ளிச் சந்திரமதி வந்தபோது வாயைத் திறந்தாள். மறுநாளும் அப்படியே. அவன் காதைச் சந்தேகித்து ஒரு வாரம் காத்திருந்தான். சந்தேகத்துக்கு இடமில்லை. உர்சுலா தன் பெயருக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

அந்த வாரமே முன்வரிசைப் பெண்ணொருத்திக்குத் தன் ஆங்கில அகராதியைக் கொடுத்துவிட்டாள். திருப்பித் தர வேண்டாம் என்றாளாம். கறி பஃப் கொண்டுவருவதில்லை. யார் என்ன சொன்னாலும் நன்றாகச் சிரித்தாள்.

தனசேகரன் விஷயத்தைத் துணைக்குழுவில், பிற விவகாரங்கள் என்ற தலைப்பின் கீழே கொண்டுவந்தான். நாக்குக் குழற, பன்னிரண்டாம் எண்ணின் நிலைமை தனக்குப் பயமாக இருக்கிறது என்றான். இருபத்தேழுக்குப் பதில் சொல்வது யார் என்பதையும் சொன்னான்.

மருதப்பன் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அன்பாகவே பேசினார். "தம்பி, இருபத்தேழு நம்மகிட்டயே ரொம்ப மோசமான நம்பரா இருந்துச்சு. இப்பத் தொண்ணூறு பெர்சென்ட். இந்தத் திட்டத்தால உருப்பட்ட ஒரே கேஸ் அதுதான். அதப் போய்க் கலைக்கணும்ங்கிறீங்களா?"

அவன் உர்சுலாவைப் பற்றிக் கேட்டான்.

"அந்தப் பிள்ளை இப்ப எவ்வளவு?"

"எண்பத்தொண்ணு, ஐயா."

"எழுபத்தஞ்சுக்குக் கீழ வரட்டும். வந்த உடனே லெட்டர் போட்டுருவோம். தகுதி வராததுக்கு முன்னால ஒருத்தருக்குச் செஞ்சா, நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

அவன் அன்று மாலை பஸ்ஸில் நோட்டை விரித்துக் கணக்குப் போட்டான். இதே வேகத்தில் போனால் அக்டோபர் பதினான்காம் தேதி வியாழக்கிழமை எழுபத்தைந்துக்குக் கீழே வரும். தேதியின் அடியில் அடிக்கோலை வைத்துக் கோடு போட்டான். போட்ட பிறகு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பெண் எந்தத் தேதியில் காப்பாற்றத் தகுதி பெறுவாள் என்று தன் கை எழுதியிருக்கிறது. அதுவும் இவ்வளவு அழகான எழுத்தில். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

அவளிடம் பேசலாம் என்றால் என்ன பேசுவது? இரண்டு தடவை படிக்கட்டில் நின்றான். ஒரு தடவை பாடம் புரிகிறதா என்று கேட்டான். இன்னொரு தடவை மழை வருமா என்று. கேட்க வேண்டியதைக் கேட்டு, இல்லாத எண்ணத்தைத் தானே கொண்டுபோய் அவள் தலையில் வைத்துவிட்டால்? துணைக்குழுவே பயப்படும் காரியத்தைத் தன்னைப்போன்ற ஒருவன் எப்படிச் செய்வது? அவள் இரண்டு தடவையும் சிரித்துவிட்டு இறங்கிப் போனாள்.

இதற்கிடையில் மனமகிழ் விழா வந்தது.

செப்டம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமை, மாலை நான்கு மணி, இரண்டாம் மாடிக் கூடம். ஆர்க்கிட் மாலைகள், வண்ணக் காகிதத் தோரணம், 'சிரித்து வாழ்வோம்' என்ற பதாகை. சிரிப்பதற்குப் பத்துப் பேரை முன்வரிசையில் ஒத்திகை பார்த்து உட்காரவைத்திருந்தார்கள். விருதுப் பட்டியலைத் தட்டச்சு செய்யும்போதே தனசேகரன் ஓடிப்போய் மருதப்பனிடம் காட்டினான். 'மிகச் சிறந்த வருகை முன்னேற்றம்: எண் 27.'

"ஐயா, அது சந்திரமதி."

"விருது நம்பருக்குத்தான் தம்பி. ஆளுக்கில்ல" என்றார் மருதப்பன்.

அவன் பட்டியலோடு மேடைக்குப் பக்கத்தில் நின்றான். உர்சுலா கடைசி வரிசையில் இருந்தாள். வெள்ளைச் சட்டை, தலையை வழித்து வாரியிருந்தாள். மருதப்பன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு தொடங்கினார்.

"அன்பார்ந்த பெற்றோர்களே, இளைய செல்வங்களே. நான்கு மாதங்களுக்கு முன்பு இக்கழகத்துக்கு ஒரு சோதனை நேர்ந்தது. அது எத்தகையது என்பதை நான் சொல்ல மாட்டேன். சொல்லாமல் இருப்பதே எங்கள் சாதனை. நூற்றுப்பன்னிரண்டு கடிதங்கள், முந்நூற்று நாற்பது படிவங்கள், ஒன்பது கூட்டங்கள். இத்தனையிலும் ஒரு மாணவரைக்கூட நாங்கள் தொந்தரவு செய்ததில்லை. ஒருவரிடமும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை."

கைதட்டல். முன்வரிசை சிரித்தது.

"இதன் பலனை இதோ காணப்போகிறீர்கள். வருகையே இல்லாதிருந்த ஒரு மாணவி இன்று நாள் தவறாமல் வருகிறார். இருபத்தேழு, சந்திரமதி."

நாற்காலி ஒன்று பின்னால் நகரும் சத்தம். கடைசி வரிசையில் உர்சுலா எழுந்து நின்றாள். தயங்கவில்லை. கூப்பிட்டவர்களிடம் போகிறவள்போல, முகத்தில் எதுவும் இல்லாமல், நடைவழியில் இறங்கி நடக்கத் தொடங்கினாள்.

பட்டியலைப் பூச்சாடி மேல் வைத்துவிட்டு அவன் எதிரே போனான். நடுவழியில் அவளை மறித்து, வெளியே வா உர்சுலா என்றான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். யாரைக் கூப்பிடுகிறான் என்று யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு வந்தாள். அடுத்த கூட்டத்தின் குறிப்பேட்டில், 'செயலாளர் அனுமதியின்றி அரங்கை விட்டு வெளியேறினார். விருதைத் தலைவரே பெற்றுக்கொண்டார்' என்று பதிவாயிற்று. வேறு யாரோ பதிந்தார்கள். கையெழுத்து கோணலாக இருந்தது.

படிக்கட்டு வளைவில் நின்றார்கள். ஒலிபெருக்கி அங்கேயும் கேட்டது.

"உர்சுலா, நீ சாகணும்னு நினைக்கிறியா?"

சொல் வெளியே வந்துவிட்டது. எதுவும் இடிந்து விழவில்லை. கீழே துணி அளந்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணே, அதச் சொல்லக் கூடாது. ஒங்களக் கமிட்டியிலருந்து எடுத்துருவாங்க" என்றாள். அப்புறம் படியில் உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, "ஆமா" என்றாள்.

அவனுக்கு அடுத்த வாக்கியம் தெரியவில்லை. எந்தத் தீர்மானத்திலும் அது இல்லை. அவனும் ஒரு படி கீழே உட்கார்ந்தான். அவள் தானாகவே பேசினாள். முதலில் அந்த அம்மாவுக்குக் கடிதம் போகக் கூடாதென்றுதான் பதில் சொன்னாளாம். சந்திரமதி, இறப்பதற்கு முந்தின நாள், தொழிற்சாலையில் ஒன்று சொல்ல வந்தாளாம். இவள் அப்புறம் பேசலாம் என்றாளாம். அதிலிருந்து அவள் பேரைக் கூப்பிட்டால் வாய் தானாகத் திறக்கிறது. "என் பேரக் கூப்பிட்டா யாரையோ கூப்பிடற மாதிரி இருக்குண்ணே. ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்ல எனக்குச் சத்தம் பத்தல."

அவன் அது அவள் தப்பில்லை என்று சொல்ல நினைத்தான். சொன்னால் மருதப்பன் பேச்சுபோல் ஆகிவிடுமோ என்று பயந்து பேசாமல் கேட்டான். அவள் அழுது முடிக்கும்வரை இருந்தான். பிறகு, நான் உன்னைத் தனியே விட்டுவிட்டுப் போக மாட்டேன், இப்போது யாரிடம் போகலாம் என்று கேட்டான். அம்மாவிடமா?

"அம்மா பயந்துருவாங்க. கோயில்ல என்ன சொல்வாங்கன்னு நெனப்பாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சந்திராவோட அம்மாகிட்டப் போலாமா? அன்னிக்கு லெட்டரோட எறங்கிப் போனாங்கல்ல. நான் ஒரு வார்த்த பேசல."

கேலாங்கில் சிவகாமசுந்தரியின் வீடு நான்காம் மாடி. கதவைத் திறந்தவர் இருவரையும் பார்த்தார். உர்சுலா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். பதிவேட்டில் பதில் சொன்னதையும், இப்போது தனக்கு என்ன தோன்றுகிறது என்பதையும். சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் கை கதவு நிலையை இறுக்கிக்கொண்டே போனது. தனசேகரன் தன்னைத்தானே சபித்துக்கொண்டான். இந்த வீட்டுக்கா இதைக் கொண்டுவர வேண்டும்?

"என் பொண்ணுகிட்ட நான் கேக்கவே இல்ல" என்றார் சிவகாமசுந்தரி. "கேக்கக் கூடாதுன்னு நெனச்சுட்டேன்." அவ்வளவுதான். உர்சுலாவின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு காரியமாகப் பேசினார். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிடலாம். தானும் கூட வருவதாகச் சொன்னார். ஆனால் பெற்றவளுக்குத் தெரியாமல் கூடாது. "தம்பி, நீங்க கீழ போய் இவ அம்மாவுக்கு போன் போடுங்க. நான் இவ பக்கத்துலயே இருக்கேன்."

கட்டடத்தின் அடியில், வெற்றுத்தளத்தில் பொதுத் தொலைபேசி இருந்தது. உர்சுலா வீட்டில் போன் கிடையாது. பக்கத்து மளிகைக் கடை எண்ணைத்தான் கொடுத்திருந்தாள். கடைக்காரச் சீனர் யாரையோ கத்தி அழைக்கும் சத்தம், கோழிகள், செருப்பு இழுபடும் ஓசை. அந்த இடைவெளியில் தனசேகரன் என்ன சொல்வது என்று மனசுக்குள் மூன்று வாக்கியம் எழுதினான். மூன்றும் துணைக்குழுக் கடிதம்போலவே வந்தன. மூன்றையும் அடித்தான்.

"ஆரு?" என்றார் உர்சுலாவின் அம்மா அல்போன்சம்மாள்.

உர்சுலாவோடு படிக்கிறவன் என்றான். அவள் பத்திரமாக இருக்கிறாள், கேலாங்கில் சந்திரமதி வீட்டில் இருக்கிறாள் என்றான். பிறகு, அவளுக்குச் செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதாம், அவளே சொன்னாள், இப்போது டாக்டரிடம் கூட்டிப்போகப் போகிறோம் என்றான். ஒரே மூச்சில் சொன்னான். நிறுத்தினால் முடிக்க முடியாது என்று தெரிந்தது.

எதிர்முனையில் கோழிகள் மட்டும் கேட்டன. அவன் காத்திருந்தான். இரண்டு மூச்சு, மூன்று, நான்கு. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்தான். இந்த அம்மா இப்போது கர்த்தரைக் கூப்பிடுவார், இல்லை தன்னைத் திட்டுவார்.

"அங்க வர எந்த பஸ்ஸு தம்பி?" என்றார் அல்போன்சம்மாள். குரல் உடைந்திருந்தது, கேள்வி தெளிவாக இருந்தது. "நான் கேலாங் பக்கம் வந்ததே இல்ல."

அவனுக்குத் தெரியவில்லை. நோட்டைப் புரட்டினான். நான்கு மாதத்துக் கூட்டங்கள், தீர்மானங்கள், விழுக்காடுகள். பஸ் எண் இல்லை. டாக்சி பிடியுங்கள் என்றான். அந்த நேரத்தில் அந்தக் கம்பத்துக் கிராமப் பாதையில் டாக்சி எங்கே வரும் என்றார் அவர். எதிரே பஸ் நிறுத்தத்தில் ஒரு மலாய்க்காரப் பெண்மணி நின்றிருந்தார், ஐம்பதடி தூரத்தில்.

"ஒரு நிமிஷம்மா, கேட்டுட்டு வந்து சொல்றேன். வெச்சிராதீங்க."

"வெக்க மாட்டேன். நான் லைன்லயே இருக்கேன்" என்றார் அல்போன்சம்மாள்.

பையிலிருந்த பத்துக் காசு நாணயங்களையெல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே போட்டான். ரிசீவரைப் பெட்டியின் மேல் மெல்லச் சாய்த்து வைத்துவிட்டு, நிறுத்தத்தை நோக்கி ஓடினான்.